பழைய ஸ்டீரியோவை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போகி நெருங்குவதால் எங்கள் தெருவுக்குப் பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டி இப்போது தினமும் வருகிறது. போன வாரம் அதில் ஓட்டைக் குடத்துக்கும் ஃபேன் இறக்கைக்கும் நடுவே ஒரு ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் கவிழ்ந்து கிடந்தது. அலுமினிய முகப்பு, இரண்டு பக்கமும் மரப்பலகை, குமிழ் ஒன்றுகூட உடையவில்லை. கேட்டேன். "டிரான்ஸ்ஃபார்மர்ல செம்பு இருக்கும் சார், மத்ததெல்லாம் வேஸ்ட்" என்றார். எடைக்கு உண்டான காசைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

தொலைபேசி நிலையத்தில் 31 வருடம் சால்டரிங் அயர்ன் பிடித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பழைய ஸ்டீரியோ செட்டுகளைச் சரிசெய்து வருகிறேன். "ஓடாது" என்று என்னிடம் வருகிற செட்டுகளில் பெரும்பாலும் சின்னக் கோளாறுதான். சக்கரங்களைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் இற்றுப் போயிருக்கும், வால்யூம் குமிழுக்குள் அழுக்கு சேர்ந்து கரகரக்கும், இல்லையென்றால் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர் காய்ந்திருக்கும்.

என் அத்தான் 1983-ல் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கேசட் டெக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் பரணில் கிடந்தது. திறந்தால், பெல்ட் இருந்த இடத்தில் தார் மாதிரி ஒரு கறுப்புப் பசை. ரப்பர் அப்படி உருகிவிடும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அதைத் துடைத்தெடுக்க ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. அளவு தெரியாததால் தையல் நூலைச் சக்கரங்களைச் சுற்றிப் பிடித்து அளந்து, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பெல்ட்டை சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை.

பாட்டு வந்தது. ஆனால் சமையலறையிலிருந்து என் மனைவி, "இந்தம்மா அஞ்சு கட்டை சுருதியில பாடுறவங்க, இதுல நாலரைக்கு இறங்கிடுச்சே" என்றாள். அவளுக்குச் சங்கீத ஞானம் உண்டு. மோட்டாரின் பின்பக்கம் சின்னத் துளை ஒன்று இருக்கும். அதற்குள் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு மயிரிழை திருப்பினால் வேகம் கூடும். நான் திருப்பத் திருப்ப, அவள் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு "இன்னும், இன்னும், போதும்" என்றாள். சுருதிப் பெட்டியோடு குரல் வந்து சேர்ந்த அந்த நொடியில் இரண்டு பேருமே பேசவில்லை.

ஒரு விஷயத்தை வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பல வருடம் சும்மா கிடந்த செட்டை எடுத்தவுடன் பிளக்கில் சொருகாதீர்கள். ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்த என் பெரியப்பாவின் ரேடியோகிராமை நான் அப்படித்தான் போட்டேன். கண்டென்சர் வெடித்து, டிரான்ஸ்ஃபார்மரும் கருகிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓடாமல் கிடக்கும் கண்டென்சருக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் கெட்டுப்போகும், முழு மின்சாரத்தையும் அதனால் தாங்க முடியாது. அதனால் ஒரு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது பல்பு வழியாகவே செட்டுக்கு மின்சாரம் போகும்படி, போட்டுத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். செட்டின் முதுகில் எத்தனை வோல்ட் என்றும் பாருங்கள். ஜப்பான் உள்ளூருக்கென்று செய்தது 100 வோல்ட் செட், நம் 230-ல் போட்டால் அன்றோடு முடிந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் மின்சாரம் நிற்கும், பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். ஊருக்கு ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் இன்னும் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

செட்டோடு சேர்த்துக் கேசட்டுகளையும் எடைக்குப் போடுகிறார்கள், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. சினிமாப் பாட்டு போனால் போகட்டும், போனிலேயே கிடைக்கும். எங்கள் டெக்கோடு வந்த பெட்டியில் பெயர் எழுதாத கேசட் ஒன்று இருந்தது. போட்டால், எங்கள் அம்மா அக்காவின் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். நடுவில் பால்காரர் மணியடிக்கிறார், "தோ வரேன்" என்று அம்மா எழுந்து போகிறாள். அம்மா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அக்காவை வரச்சொல்லிப் போட்டுக்காட்டினேன். மூன்று தடவை கேட்டாள்.

போகிக்கு முன்பே இதை வெளியிட்டால் நாலு பேர் வீட்டுப் பரணைப் பார்ப்பார்கள். தயவுசெய்து இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய ஊழியர்,
கும்பகோணம்.