கேன்டர்பரியில் ஐந்து வாரம்: கூட இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

முகாம் முடிந்து பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, பெற்றோர்கள் அனுப்பிய நன்றிக் கடிதங்களை அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். நின்று ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் ஆசிரியர்களைப் பற்றி இருந்தது. இரண்டு மூன்றில் என் பெயரும் இருந்தது. உங்கள் யார் பெயரும் இல்லை. பெற்றோர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் உங்களைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன். மனதில் இருப்பது எனக்குத் தமிழில்தான் முழுதாக வரும். உங்களுக்கு நானே ஆங்கிலத்தில் படித்துக் காட்டுகிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கோடை விடுமுறை வந்தால் பல்கலைக்கழக விடுதிகள் காலியாகிவிடும். அந்த அறைகளை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் ஆங்கில முகாம் நடத்துவார்கள். எங்கள் முகாமுக்கு இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, கஜகஸ்தான், சீனா என்று பல நாடுகளில் இருந்து 12 வயது முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகள் வந்தார்கள். வந்த மறுநாள் ஒரு தேர்வு வைத்து எந்த வகுப்பு என்று பிரிப்பார்கள். அப்புறம் வாரத்தில் ஐந்து நாள் காலையில் மூன்று மணி நேரம் பாடம், வாரத்துக்கு 15 மணி நேரம். ஒரு வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம் இருக்கிறது. வகுப்பு போக மீதி 153 மணி நேரமும் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், விளையாடினார்கள், சண்டை போட்டார்கள், தூங்கினார்கள், அழுதார்கள். அந்த 153 மணி நேரம்தான் நம்முடைய வேலை. என் பொறுப்பில் ஒரு விடுதி, 38 பெண் பிள்ளைகள்.

முதலில் இரவுக் காவலர் அண்ணனுக்கு. நீங்கள் நேபாளத்தில் இருந்து வந்து கூர்க்கா படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேன்டர்பரி இருக்கும் இந்தக் கென்ட் மாவட்டத்தில் உங்களைப் போல நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். உங்களுடன் வேலை பார்க்கும் இளைஞர் உங்களைத் 'தாய்' என்று கூப்பிட்டதைக் கேட்டு முதல் நாள் திகைத்துப் போனேன். நேபாளியில் அண்ணனுக்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினீர்கள். அன்றிலிருந்து நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். என் மொழியில் அதற்கு என்ன பொருள் என்று சொன்னபோது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டீர்கள்.

இரண்டாவது இரவு நினைவிருக்கிறதா? ஜூலை மாதம் இங்கே இரவு ஒன்பதே கால் வரைக்கும் வெளிச்சம் இருக்கும். பத்தரைக்கு விளக்கை அணைக்கச் சொன்னால், இப்போதுதானே இருட்டியது என்பார்கள் பிள்ளைகள். ஒரு வழியாக எல்லோரும் படுத்தார்கள். பதினொன்றே முக்காலுக்குத் தீ எச்சரிக்கை மணி அலறியது. ஒரு பிள்ளை அறைக்குள் வாசனை ஸ்பிரே அடித்திருக்கிறாள், புகை உணரும் கருவிக்கு அதுவே போதும். ஆனால் உண்மையான தீ இல்லை என்று சோதித்து முடிக்கும் வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது. 38 பேரும் இரவு உடையில், பாதிப் பேர் செருப்புக்கூட இல்லாமல், புல்வெளியில் நின்றார்கள். என் கையில் பட்டியல் இருந்தது, கை நடுங்கியதால் பெயர்களைப் படிக்க முடியவில்லை. நீங்கள் வந்து டார்ச்சைப் பட்டியல் மேல் அடித்துப் பிடித்துக்கொண்டு, "மெதுவாக, ஒவ்வொருவராக" என்று மட்டும் சொன்னீர்கள். 38 வந்தது. அதன் பிறகு ஐந்து வாரமும் நான் அந்தக் குரலிலேயேதான் எண்ணினேன்.

பன்னிரண்டு வயதுத் துருக்கிப் பிள்ளை ஒருத்தி வந்த முதல் வாரம் தூங்கவே இல்லை. இரவு ஒரு மணிக்கு அவள் அறையில் இருந்து 'அன்னே, அன்னே' என்று குரல் கேட்டது. துருக்கியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று மறுநாள்தான் சொன்னார்கள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் ஓடிப்போய் மடியில் போட்டுக்கொள்ள முடியாது. இந்த வேலையில் பெரியவர் யாரும் தனியாகப் பிள்ளையின் அறைக்குள் போகக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவரும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதி, சரியான விதி, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் அழுகிற பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் அந்த வாசற்படி இருந்த அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தன.

அப்போது மேல்மாடியில் இருந்து இறங்கி வந்த தங்கைக்கு என் நன்றி. பகல் முழுவதும் கூடைப்பந்து, புதையல் வேட்டை, திறமைப் போட்டி என்று பிள்ளைகளோடு ஓடிவிட்டு அப்போதுதான் படுத்திருந்தாய். இருபத்தொரு வயதுதான் உனக்கு. ஒரு வார்த்தை சலிக்காமல் வந்து நடைபாதையில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். அந்தப் பிள்ளை போர்வையோடு வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்ற விதியை நீதான் அந்த இரவுக்கு எடுத்து ஓரமாக வைத்தாய். அவள் துருக்கியில் சொல்லச் சொல்ல நாம் தலையாட்டினோம். இரண்டரை மணிக்கு அங்கேயே கண் சொக்கினாள். மூன்றாவது வாரம் அதே பிள்ளை உன்னிடம் ஆங்கிலத்தில் வாதாடி இன்னும் பத்து நிமிடம் விளையாட நேரம் வாங்கினாள். எந்த வகுப்பில் அவள் அதைக் கற்றாள் என்று கேட்டால், அந்த நடைபாதையில் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்து, கேன்டீன் பொறுப்பாளருக்கு. மாலை ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு என்றதும் ஸ்பெயின் பிள்ளைகளின் முகம் போன போக்கை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். அவர்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு மேல்தான் சாப்பிடுவார்கள். நேரத்தை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் இரவு ஒன்பதரைக்கு ரொட்டியும் பழமும் பாலும் எங்கள் விடுதிச் சமையலறைக்கு வரும்படி ஏற்பாடு செய்தீர்கள். யாரும் உங்களிடம் கேட்கவில்லை. இந்த நாட்டுச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் உணவில் இருந்தால் தெரிவித்தாக வேண்டும். நீங்கள் தெரிவித்ததோடு நிற்கவில்லை. எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் முகத்தை நினைவில் வைத்து, சுற்றுலா நாளில் அவள் உணவுப் பொட்டலத்தை மட்டும் உங்கள் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஹலால் சாப்பாட்டுக்குத் தனிக் கரண்டி வைத்தீர்கள். நான் சைவம் என்று தெரிந்து பருப்பும் சோறும் செய்த அந்த வியாழக்கிழமையை நான் மறக்க மாட்டேன்.

வெஸ்ட்கேட் கோபுரம் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி மிகப் பெரியது. மூன்றாவது வாரம் புதன்கிழமை மதியம் பையன்களும் பெண்களும் கலந்த ஒரு குழுவை ஊருக்குள் அழைத்துப் போயிருந்தோம். மூன்று பேராகச் சேர்ந்து சுற்றிவிட்டு, நாலரைக்குப் பேராலய வாசலுக்கு எதிரே பட்டர்மார்க்கெட் சதுக்கத்தில் இருக்கும் போர் நினைவுத் தூணுக்கு வந்துவிட வேண்டும். நாலரைக்கு எண்ணினேன், 22. மறுபடியும் எண்ணினேன், 22. இருக்க வேண்டியது 23. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் மறந்து விட்டுவந்த ஜாக்கெட்டை எடுக்கத் தனியாகத் திரும்பி ஓடியிருக்கிறான், வழி தவறிவிட்டான், போனில் சார்ஜ் இல்லை. முப்பத்தைந்து நிமிடம். அந்தச் சதுக்கம் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் வயதுப் பையன்கள். அவன் அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன் என்ற ஒரே நினைப்புதான். நீங்கள் அவனைக் கடைக்குள் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவன் கைப்பட்டையில் இருந்த அவசர எண்ணைப் பார்த்து அழைத்தீர்கள். நான் ஓடி வந்தபோது அவனுக்கும் எனக்குமாக இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தீர்கள். உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பேருந்து ஓட்டுநர் ஐயா தானாகவே படியில் நின்று இரண்டாவது முறை எண்ண ஆரம்பித்தார். என் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போகாமல் டோவருக்கோ லண்டனுக்கோ ஒரு நாளும் வண்டியை எடுக்கவில்லை. அவருக்கும் நன்றி.

என் வீட்டுக்குப் பின் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவுக்கு. விடுதியிலேயே தங்க வேண்டிய வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. வீட்டுக்காரருக்கு மருத்துவமனையில் இரவு வேலை, மகளுக்கு எட்டு வயது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். "நீ போட்டு வா பிள்ளை, நான் பாக்கிறன்" என்றீர்கள். ஐந்து வாரம் என் மகள் உங்கள் வீட்டில் தூங்கினாள். ஊரார் பிள்ளைகளை நான் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் என் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிட்டது நீங்கள்.

கடைசியாக, அறைகளைச் சுத்தம் செய்த அக்காவுக்கு. 38 பேரின் துணி மூட்டையில் எந்தக் காலுறை யாருடையது என்று உங்களுக்குத்தான் தெரியும். கட்டில் விரிப்பு நனைந்திருந்தால் மற்ற பிள்ளைகள் வகுப்பிலிருந்து திரும்புவதற்குள் மாற்றிவிட்டு, என்னிடம் கண்ணால் மட்டும் சொல்வீர்கள். எந்தப் பிள்ளையும் யார் முன்பும் தலைகுனியவில்லை.

பிள்ளைகள் கிளம்பிய காலை, மூன்று மணிக்கு முதல் பேருந்து. ஆறு மணிக்கு நீங்கள் வந்து காலி அறைகளைத் திறந்தபோது, துருக்கிப் பிள்ளையின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவளுடைய துணி முயல் கிடந்தது. அதைத் துவைத்துக் காய வைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, உங்கள் காசில் தபாலில் அனுப்பினீர்கள். போன வாரம் அலுவலகத்துக்கு அவள் அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்திருக்கிறது, முயலைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். எனக்கு நன்றி என்று எழுதியிருந்தார். அனுப்பியது நான் இல்லை, நீங்கள் என்று அலுவலகம் வழியாகப் பதில் எழுதிவிட்டேன். படத்தை அச்சடித்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
மூன்றாம் விடுதியின் பொறுப்பாளர்