பேங்க்ல ஃபாரம் எழுதிக் குடுத்தா மட்டும் பணம் உடனே போயிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

சைபர் க்ரைம் பத்தி எந்த செய்தி வந்தாலும் கடைசியில "பொதுமக்கள் உஷாரா இருக்கணும்"னுதான் முடியுது. ஏமாந்தவங்க எல்லாம் பேராசைக்காரங்கன்னு நானும் நினைச்சவன்தான், ஐசிஎஃப்ல ரிட்டயர்ட் ஆகி வில்லிவாக்கத்துல இருக்கற எங்க பெரியப்பா மாட்டற வரைக்கும்.

அவருக்கு ஆசை எல்லாம் இல்ல, பயம். மும்பை போலீஸ்னு வீடியோ கால்ல யூனிஃபார்ம் போட்டு ஒருத்தன், உங்க ஆதார்ல புக் பண்ண கொரியர்ல போதைப் பொருள் இருக்கு, நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க, போனை கட் பண்ணக்கூடாது, வீட்ல மூச்சு விடக்கூடாதுன்னு ரெண்டு நாள் உட்கார வச்சிருக்கான். பெரியம்மா காபி கொண்டு போனா பென்ஷன் வேலையா பேசறேன்னு கதவை சாத்திட்டாராம். இப்படி ஒரு அரெஸ்ட் சட்டத்துலயே கிடையாதுன்னு 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல சொன்னாரு, யாருக்கு போன் போட்டாலும் எச்சரிக்கை டியூன் ஓடின காலத்துல அதையும் கேட்டவர்தான் எங்க பெரியப்பா. நடுக்கம் வந்த நேரத்துல எதுவும் ஞாபகத்துக்கு வரல.

என் ஆதங்கம் அதுக்கு அப்புறம் நடந்ததுல. மூணாவது நாள் ஆட்டோ புடிச்சு பேங்குக்குப் போய் 9 லட்சம் எஃப்டியை உடைச்சு, முன்னபின்ன தெரியாத அக்கவுண்டுக்கு பெரிய தொகையை உடனே அனுப்பற ஆர்டிஜிஎஸ் ஃபாரம் எழுதிக் குடுத்திருக்காரு. கவுண்டர்ல கேட்ட ஒரே கேள்வி, பான் கார்டு ஜெராக்ஸ் இருக்கா சார்னு. கை நடுங்குது, சட்டைப் பையில வீடியோ கால் ஓடிட்டு இருக்கு, யாரும் நிமிர்ந்து பாக்கல. கேஒய்சிக்கு மட்டும் இதே ஆளை மூணு தடவை அலைய விட்டாங்க!

புதுசா யூபிஐ போட்டா முதல் 24 மணி நேரம் 5,000க்கு மேல அனுப்ப முடியாது. நெட் பேங்கிங்ல புது ஆளைச் சேர்த்தா நிறைய பேங்க்ல கொஞ்ச நேரம் காத்திருக்கணும். ஆனா வயசானவங்க நம்பிப் போற பிராஞ்ச்ல, கையெழுத்து ஒத்துப்போனா போதும், பணம் உடனே கிளம்பிடும். 60 வயசுக்கு மேல உள்ளவங்க புது அக்கவுண்டுக்கு பெரிய தொகை அனுப்பினா ஒரு நாள் நிறுத்தி வச்சு, அவங்க எழுதிக் குடுத்த பிள்ளைக்கோ பொண்ணுக்கோ ஒரு போன் போட்டா என்ன கெட்டுப் போகும்? ஆஸ்பத்திரி அவசரம்னா மேனேஜர் விசாரிச்சு விடட்டும்.

2023ல 7,465 கோடி, 2024ல 22,845 கோடி, நாடு முழுக்க சைபர் மோசடியில போன பணம் இது, அரசாங்கமே பார்லிமென்ட்ல சொன்ன கணக்கு. இத்தனை பேரும் உஷாரில்லாதவங்கன்னு சொல்லிட்டு கையைக் கழுவ முடியுமா? மோசடிப் பணத்தை வாங்கிக்க, கமிஷனுக்கு ஆசைப்பட்டு வாடகைக்கு விட்ட அக்கவுண்டும் ஏதோ ஒரு பேங்க்ல திறந்ததுதானே, அதை யாரு பாக்கறது?

நாங்க சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிச்சது மறுநாள் காலையில, பெரியப்பா வாயைத் திறந்ததே அப்பதான். அவங்க உடனே அந்தந்த பேங்குக்குச் சொன்னாங்க, குறை சொல்ல மாட்டேன். அதுக்குள்ள பணம் பல அக்கவுண்டா பிரிஞ்சு போயிடுச்சு, ஒண்ணுல மட்டும் 61,000 மாட்டிச்சு. அதை வாங்கத்தான் இப்ப கோர்ட்டுக்கு அலைஞ்சிட்டு இருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை