லயத்துக் குடும்பங்களுக்கு முதல் தேவை ஆவண முகாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலச்சரிவுக்குப் பிறகு மறுவாழ்வு என்றால் வீடு கட்டித் தருவது என்றே பேசி வருகிறோம். 2024 ஜூலை 30-ல் கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் வீடிழந்தவர்களுக்குக் கல்பற்றாவில் 7 சென்ட்டில் 1,000 சதுர அடி வீடு என்று திட்டம் வந்தது. மூணாறு அருகே பெட்டிமுடி நிலச்சரிவில் தப்பியவர்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் 8 வீடுகள் கட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் லயத்தில் (தோட்டம் தரும் தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழும் குடும்பம் அடுத்த மாதத்தை ஓட்டுவது வீட்டை மட்டும் வைத்தல்ல.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மாண்டவர்கள் 70 பேர், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். லயம் தோட்டத்தின் சொத்து. அதனால் வீட்டுச் சேதத்துக்கான நிவாரணத்தில் குடியிருந்தவருக்குப் பாத்தியதை இல்லை. லயம் இடிந்து இறந்தால் தோட்டம் இழப்பீடு தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 16ஏ பிரிவு சொன்னது. இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் அதற்கும் விலக்கு வைத்திருந்தது. மிஞ்சுவது பிஎப், அதனுடன் சேர்ந்த காப்பீடு, ஓய்வூதியம், கிராஜுவிட்டி (பணிக்கொடை). காப்பீட்டில் மட்டும் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கலாம். பணியில் இருக்கும்போதே இறந்தால் கிராஜுவிட்டிக்கு ஐந்தாண்டு சர்வீஸ் நிபந்தனையும் இல்லை.

இந்தப் பணம் சிக்குவது பெயரில். ரேஷன் அட்டையில் மலையாளத்தில் 'மாரியம்மா', ஆதாரில் 'எம். மாரியம்மாள்'; பிஎப் கணக்கில் 'மாரியம்மாள் செல்வராஜ்'. பிரசவத்துக்குத் தாய்வீடு போனதால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் தேனியிலோ போடியிலோ இருக்கும். எல்லாம் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீசர் தரும் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழுக்கு அட்சயா மையம் (கேரள அரசின் இ-சேவை மையம்) வழியாக விண்ணப்பிக்கலாம். ஆள் உயிரோடு இருக்கும்போது இது சின்ன வேலை. மூல ஆவணங்கள் மண்ணோடு போன பிறகு, அக்கம்பக்கத்துச் சாட்சிகளும் இல்லாதபோது, மாதக்கணக்கில் இழுக்கும்.

இன்னொன்று நாமினி. கணவருக்கு மனைவி, மனைவிக்குக் கணவர் என்று எழுதியிருப்பார்கள். ஒரே இரவில் இருவரும் போனால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் விண்ணப்பித்து, கெஜட்டில் அறிவிப்பு வந்து, ஆட்சேபக் காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளையும் பங்கு குறிப்பிட்டு நாமினியாகச் சேர்க்கலாம். பிஎப் விதியில் மணமான பிள்ளைகளும் குடும்பமே. கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

உடல் கிடைக்காதவர்களின் குடும்பம் படும் பாடு தனி. பெட்டிமுடியில் நான்கு பேர் கிடைக்கவேயில்லை. பொதுச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கருத முடியும். வயநாட்டில் காணாமல்போனவர்களை இறந்தவர்களாகக் கருதிச் சான்றிதழ் தரக் கேரள அரசு 2025 ஜனவரியில் வழி செய்தது. ஒவ்வொரு பேரிடருக்கும் தனி உத்தரவு கேட்டு நிற்காமல் இதை நிலையான விதியாக்க வேண்டும்.

ஜூன் மழைக்கு முன்பே தோட்டத்தின் டிவிஷன்தோறும் மஸ்டர் (வருகைப் பதிவு) நடக்கும் இடத்தில் ஒருநாள் முகாம் போடலாம். வில்லேஜ் ஆபீஸ், பிஎப், அட்சயா ஊழியர்களோடு தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரும் கட்டாயம் வேண்டும். திருத்திய ஆவணங்களை டிஜிலாக்கரில் ஏற்றி, நகல் ஒன்றைத் தமிழ்நாட்டு உறவினர் வீட்டில் வைக்கச் சொல்ல வேண்டும். இடுக்கி மாவட்ட நிர்வாகம் தேவிகுளம் தாலுகாவில் இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளர் ஆவண உதவிப் பணியில் உள்ளவர்கள்,
மூணாறு.