உண்டியல் சில்லறையை வங்கிக்குப் போக விடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம் புறவழிச்சாலையில் பறக்கும் படை பிடித்த 63,410 ரூபாய் பற்றிய கோப்பு உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. நோயாளிகளை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் எங்கள் அறக்கட்டளை கடைகளில் வைத்திருக்கும் உண்டியல்களில் ஒரு மாதமாகச் சேர்ந்த பணம் அது. வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது கருவூலத்தில் இருக்கிறது. வாக்குப்பதிவும் முடிந்துவிட்டது.

அந்தப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இனி வரும் தேர்தல்களிலாவது, பதிவு பெற்ற அறக்கட்டளைகளின் உண்டியல் பணம் வங்கி வரைக்கும் போய்ச் சேர ஒரு வழி செய்யுங்கள். இந்த மடல் அதற்காகத்தான்.

சோதனையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதில் 'திருமங்கலம் பார்முலா' என்று நாடு முழுக்கப் பேர் வாங்கிய மாநிலம் இது. 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடாப் புகாரால் ரத்தாகின. வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டியதுதான், நாங்களும் திறந்தோம்.

படையில் இருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். அதையும் சொல்ல வேண்டும். பணம் யாருடையது என்றார். உண்டியல் பணம் என்றோம். யார் போட்டது, ரசீது எங்கே என்றார். டீ குடித்துவிட்டு மீதி ஐந்து ரூபாயை உண்டியலில் போடுகிறவருக்கு யார் ரசீது எழுதுவார்கள்? பதிவுச் சான்று, பான் அட்டை, பாஸ்புக், போன மாதம் இதே போல் கட்டிய சலான் எல்லாவற்றையும் காட்டினோம். 50,000-க்கு மேல் இருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அப்புறம் எண்ண ஆரம்பித்தார்கள். ஜீப்பின் முன்பக்கம் ஒரு துண்டை விரித்து, பத்து ரூபாய் நாணயம் தனி, ஐந்து தனி, இரண்டு தனி என்று அடுக்கினார்கள். பாதியில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போக, கணக்குத் தவறி மறுபடி ஒன்றிலிருந்து. வீடியோ எடுப்பவர் ஒவ்வொரு அடுக்கையும் படம் பிடித்தார். 2011-லேயே செல்லாமல் போன 25 பைசா இரண்டு அதில் கிடந்தது. அதையும் மகஜரில், அதாவது பறிமுதல் பட்டியலில், எழுதினார்கள். 25 பைசா கொடுத்து ஓட்டு வாங்குகிற கட்சி எதுவென்று தெரிந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

இந்தச் சில்லறையில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். எங்கள் வண்டி சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து சிறுநீரகம் செயலிழந்தவர்களை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறது. சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். போக வரத்தான் காசு. வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டியவர்களால் பஸ் மாறிப் போக முடியாது. பணம் முடங்கியதும் டீசல் கடன் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு பங்க்கில் கை விரித்துவிட்டார்கள். வாரம் மூன்று நடையை இரண்டாகக் குறைத்தோம். தறி நெய்யும் அம்மா ஒருவர் வருவார். இடைவெளி ஒரு நாள் கூடியதும் அவருக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அடுத்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். "தேர்தல் என்றைக்கு முடியும் சார்?" என்று கேட்டார். எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று இந்த ஊரில் எல்லோரும் எங்களைக் கேட்டாகிவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்டது அவர் மட்டும்தான்.

விதி எங்களுக்கும் தெரியும். வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ கட்சிக்காரரோ போகும் வண்டியில், அல்லது கட்சி போஸ்டர் ஏற்றிய வண்டியில் 50,000-க்கு மேல் பணம் இருந்தால் பறிமுதல் என்கிறது தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறை. எங்கள் வண்டியில் இருந்தது ஒரு சக்கர நாற்காலியும் இரண்டு தலையணையும். அதே நெறிமுறை இன்னொன்றும் சொல்கிறது. பிடித்த பணத்தை மூன்று அலுவலர்கள் கொண்ட மாவட்டக் குழு தானாகவே முன்வந்து ஆராய வேண்டும். எந்த வேட்பாளரோடும் கட்சியோடும் தொடர்பில்லை என்றால் உடனே விடுவிக்க வேண்டும். வழக்கு இல்லாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து 7 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எங்கள் மீது வழக்கு எதுவும் இல்லை. அந்த 7 நாட்களும் போய்விட்டன. கேட்டால் மனு கொடுங்கள் என்றார்கள், கொடுத்தோம். குழுவில் உள்ளவர்கள் தேர்தல் வேலையில் இருக்கிறார்கள் என்றார்கள். இது என்ன வேலையாம்?

சரி, இது எங்கள் ஒரு வண்டியோடு நிற்கிற கதையும் இல்லை. அறக்கட்டளைகளுக்கு மார்ச்தான் அறுவடை மாதம். வரிச்சலுகைக்காகக் கொடுப்பவர்களும், சமூகப் பொறுப்பு நிதியைக் கணக்கு முடிப்பதற்குள் செலவழிக்க வேண்டிய நிறுவனங்களும் அப்போதுதான் தேடி வருவார்கள். தேர்தலும் அப்போதுதான் வருகிறது. 2024இல் மார்ச் 16 அறிவிப்பு, ஏப்ரல் 19 இங்கே ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. அதுவரை யாரைப் பார்த்தாலும் "தேர்தல் முடியட்டும்". உண்டியல் வைத்த கடைக்காரர் எடுத்துக்கொண்டு போங்கள், வம்பு வேண்டாம் என்கிறார். வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களிடம் "நீங்க எந்தக் கட்சி?" என்கிறார்கள்.

கட்சிகளின் வசதியையும் பாருங்கள். பழைய வருமான வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர் கட்சிக்குக் கொடுத்தால் முழுத் தொகைக்கும் கழிவு. எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்தால் பாதிக்குத்தான். 20,000 ரூபாய் வரை கொடுத்தவர் யாரென்று கட்சி தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் வந்த தேர்தல் பத்திரத்தில் கோடிகளுக்கே பெயர் தேவைப்படவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரண் என்று சொன்ன பிறகுதான் அது நின்றது. நாங்களோ எங்களிடம் வரிச்சலுகைச் சான்று வாங்கிய ஒவ்வொருவரின் பெயரையும் மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு அனுப்புகிறோம். பெயர் தெரியாத நன்கொடை வரம்பைத் தாண்டினால் 30 சதவீத வரி கட்டுகிறோம். அப்படியும் புறவழிச்சாலையில் சந்தேகத்துக்குரியவர்கள் நாங்கள்தான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரிச்சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. குழுவைக் கூட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும், விண்ணப்பிக்கும் அறக்கட்டளைகளின் பதிவையும் வங்கிக் கணக்கையும் சரிபார்த்து, எந்தத் தேதியில் எந்த வண்டியில் எந்த வங்கிக்குப் பணம் போகிறது என்று ஒரு பக்கத்தில் அனுமதிக் கடிதம் கொடுக்கலாம். பறக்கும் படை அதைப் பார்த்துவிட்டு வண்டியை விட்டால் போதும். சந்தேகம் இருந்தால் ஒரு காவலர் வங்கி வரை கூடவே வரட்டும், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

இப்போதைக்கு, அந்த 63,410 ரூபாயைத் தயவுசெய்து விடுவியுங்கள். மகஜர் நகல், முந்தைய மாதச் சலான்கள், உண்டியல் வைத்த கடைகளின் பட்டியல், மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு எல்லாம் இணைத்திருக்கிறோம். குழு எந்த நாள், எந்த நேரம் கூடினாலும் ஒரு போன் போதும், வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
அறக்கட்டளைச் செயலாளர்