ஒரு பல் மட்டும் கறுத்தால்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு காலை

அன்பு மகனுக்கு,

முன்பல் ஒன்று கறுத்துவிட்டது என்று நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் ஐயா. குளியலறை மஞ்சள் லைட்டில் எடுத்திருக்கிறாய். அதில் எந்தப் பல்லும் மஞ்சளாகத்தான் தெரியும். காலையில் பல் விளக்கியதும் ஜன்னலோரம் நின்று, மேலுதட்டைத் தூக்கிப் பிடித்து இன்னொரு படம் எடு. பக்கத்துப் பற்களும் அதில் விழட்டும். வாயை ரொம்ப நேரம் திறந்து வைத்திருக்காதே, எச்சில் காய்ந்தால் பல் வெளுத்துக் காட்டும்.

பல பற்களில் ஒரே மாதிரி பழுப்பு ஏறியிருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். ஈறு வீக்கத்துக்கு வாங்கிய வாய் கொப்பளிக்கும் மருந்தில் குளோர்ஹெக்சிடின் இருந்தால், கொஞ்ச நாளிலேயே கறை படியும். தே தாரேக் டீயும் கோப்பியும் அதைக் கூட்டும். இரும்புச்சத்து மருந்தும் வெற்றிலை பாக்கும் அப்படித்தான். அதெல்லாம் மேலே ஒட்டுகிற கறை. கிளினிக்கில் பல் சுத்தம் செய்து பாலிஷ் போட்டால் போய்விடும்.

உனக்கு மாறியிருப்பது முன்பல் ஒன்றே ஒன்று, அதுவும் சாம்பல் நிறம். அது பெரும்பாலும் உள்ளிருந்து வருவது. பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கிற கூழ் உண்டு. அடி பட்டால் குழாய் உடைந்து, இரத்தம் பல்லின் மேலோடான எனாமலுக்கு உள்ளே இருக்கிற தந்தினியின் நுண்ணிய துவாரங்களில் இறங்கும். அந்த இரத்தம் சிதையச் சிதைய நிறம் கறுக்கும். அடி பட்டு மாதங்கள், ஏன் வருஷங்கள் கழித்துக்கூடத் தெரியவரும். புட்சால் பந்தாட்டத்தில் யாரோ முழங்கையால் இடித்ததாகச் சொன்னாயே, எந்த மாதம் என்று யோசித்து எழுதி வை. டாக்டர் முதலில் கேட்பது அதுதான்.

“வலியே இல்லையம்மா” என்று எழுதியிருந்தாய். அதுதான் என்னை உறுத்துகிறது. நரம்பு செத்த பல் பல சமயம் வலிக்காது. வலிக்காமலே வேர் நுனியில் கிருமி சேர்ந்து, எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கண்ணாடி முன் நின்று அந்தப் பல்லுக்கு மேலே ஈறைப் பார். பரு மாதிரி சின்னக் கொப்புளம் இருக்கிறதா, அழுத்தினால் சீழோ உப்புக் கரிப்போ வருகிறதா? விரலால் மெல்லத் தட்டினால் பக்கத்துப் பல்லைவிட வித்தியாசமாகத் தெரிகிறதா? ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைப் பல்லுக்குப் பின்னால் பிடித்துப் பார். நல்ல பல் வெளிச்சத்தை விடும். செத்த பல் மங்கி நிற்கும். இதை வைத்து நீயே முடிவு கட்டிவிடாதே, டாக்டரிடம் சொல்லத்தான்.

எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் போய்க் காட்டு. கொப்புளமோ கடிக்கும்போது வலியோ இருந்தால், அல்லது பல் இளஞ்சிவப்பாக மாறினால், மறுநாளே போ. இளஞ்சிவப்பு என்றால் பல் உள்ளிருந்து கரைகிறது என்று இருக்கலாம், அதற்குத் தாமதம் ஆகாது. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் பல் கிளினிக்குக்காகக் காத்திருக்காதே. நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போ.

டாக்டர் குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்ப்பார், தட்டுவார், எக்ஸ்ரே எடுப்பார். அடி பட்ட புதிதில், மூன்று மாதம் வரைகூட, உயிருள்ள பல்லும் குளிருக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். அதனால் நிறம் மாறியதை மட்டும் வைத்து உடனே வேர் சிகிச்சை என்றால், வேறு என்ன அறிகுறி இருக்கிறது என்று கேள். பல் மஞ்சளாகி, உள்ளே கூழ் இருக்கிற வழி அடைபட்டிருந்தால் பல பேருக்கு எதுவும் செய்ய வேண்டியதே இல்லை, அவ்வப்போது பார்த்தால் போதும்.

நரம்பு செத்தது உறுதியானால், பல்லின் பின்பக்கம் சின்னத் துளை போட்டு, உள்ளே சுத்தம் செய்து அடைப்பார்கள், அதுதான் வேர் சிகிச்சை. ஒன்றிரண்டு முறை போக வேண்டிவரும். அதற்குப் பிறகுதான் வெளுக்கும் மருந்தை உள்ளேயே வைத்து, சில நாள் இடைவெளியில் மாற்றி மாற்றி நிறத்தைக் கொண்டுவருவது. பல் முழுசாக இருந்தால் அதைச் செதுக்கி மூடி போட அவசரப்படாதே. செதுக்கியது திரும்பி வராது.

கடையில் விற்கிற வெளுக்கும் பட்டையை வாங்கிவிடாதே. மற்றப் பற்கள் வெளுத்து, இது இன்னும் எடுப்பாகக் கறுத்துத் தெரியும். எலுமிச்சையும் கரித்தூளும் எனாமலைத் தேய்த்துவிடும். வீட்டுக்கு வந்து பல் மேல் ஒட்டுகிற மெல்லிய தகடான வெனீரை மலிவாக ஒட்டித் தருகிறேன் என்பவர்களிடம் வாயைத் திறக்கவே திறக்காதே. 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி பதிவு இல்லாதவர் பல் வைத்தியம் பார்ப்பது குற்றம். அந்த ஒட்டுக்குக் கீழே சீழ் பிடித்தால் யாரைத் தேடிப் போவாய்?

அரசாங்கப் பல் கிளினிக்கான கிளினிக் பெர்கிகியானில் நாள் தள்ளிக் கொடுத்தால், முன்பல் கறுத்திருக்கிறது, முன்பு அடி பட்டது என்று கவுன்டரிலேயே சொல். தனியார் என்றால் வேர் சிகிச்சைக்கும் வெளுப்பதற்கும் தனித்தனியாக எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று முன்கூட்டியே கேள். எக்ஸ்ரே படத்தைக் கைபேசியில் வாங்கி வைத்துக்கொள். சில மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு அதைத்தான் ஒப்பிடுவார்கள்.

நாளைக்கு வேலைக்குக் கிளம்புமுன் போன் போட்டு நாள் வாங்கிவிடு. என்றைக்கு என்று எனக்கும் சொல்.

அம்மா