பென்ஷன் இல்லாத மேஜர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் நடக்க வருகிறவர்கள் எங்கள் மேஜரைப் பார்த்திருப்பார்கள். மடியில் நீல அட்டை போட்ட நோட்டு, சுற்றிலும் என்னைப் போல ஏழெட்டுக் கிழவர்கள். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். வயது 38. பெயரைப் போட வேண்டாம் என்று அவருடைய அம்மா கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

நான் ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான எம்.ஈ.ஜி.யில் (மதராஸ் சேப்பர்ஸ்) ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவரும் எங்கள் மதராஸ் சேப்பர்ஸ்தான். பரங்கிமலையில் அதிகாரிப் பயிற்சி முடித்து, ஷார்ட் சர்வீஸில், அதாவது குறுகிய காலப் பணியில், 10 வருடம் இருந்து மேஜராக வெளியே வந்தார். இன்னும் 4 வருடம் நீட்டிக்கக் கேட்டிருக்கலாம். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனதும் போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். செவ்வாய், வியாழன், சனி விடியற்காலையில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அவர்தான். அப்பா தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்; அதனால் அவர் கண்ணெதிரில் மகனும் தண்ணீர் குடிக்க மாட்டாராம். துக்கம் கேட்கப் போன அன்றுதான் அவர் மனைவி இதைச் சொன்னார்.

ஷார்ட் சர்வீஸ் முடித்து வரும் அதிகாரிகளுக்குப் பென்ஷன் கிடையாது. பலருக்கு இது தெரியாது. தனக்கு ஒரு பைசா பென்ஷன் இல்லாத மனிதர் எங்கள் பென்ஷன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளம் வந்த பிறகு எல்லாம் கம்ப்யூட்டரில்தான். வருடா வருடம் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டும். கயிறும் சிமென்டும் பிடித்துத் தேய்ந்த எங்கள் விரல்களில் ரேகை விழாது. அவர் தன் போனிலேயே முகத்தைக் காட்டச் சொல்லி முடித்துக் கொடுப்பார். அதைவிடப் பெரிய தொல்லை பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இனிஷியல் ஒரு காகிதத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக.

ஒருநாள் என் பி.பி.ஓ.வை, அதாவது பென்ஷன் உத்தரவுக் காகிதத்தை, புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் அக்காவையும் கூட்டிட்டு வாங்கண்ணே. உங்க பேரு சரியா இருந்து என்ன, அவங்க பேரு தப்பா இருக்கே" என்றார். வாங்கிய நாளிலிருந்து பீரோவில் வைத்திருக்கும் காகிதம், நான் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. மூன்று மாதம் ஆயிற்று திருத்த. நான் முந்திக்கொண்டால் என் மனைவி யார் வாசலில் நின்றிருப்பாள் என்று இப்போதும் ராத்திரியில் நினைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் மர்ஃபி டவுனில் ஒரு அம்மா அப்படித்தான் நின்றார். பதிவில் பாப்பாத்தி, ரேஷன் கார்டில் சரஸ்வதி. கணவர் இறந்து 14 மாதம் குடும்பப் பென்ஷன் வரவில்லை. மேஜர் சாப் லீவு போட்டு வேலூர்ப் பக்கம் அந்த அம்மாவின் ஊருக்கே போய், வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி, இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் தயார் செய்தார். பஸ் செலவைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அந்த அம்மா முதல் மாதப் பணத்தில் அவர் மகளுக்குப் பாவாடை எடுத்துக் கொடுத்தார். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மும்பைத் தாக்குதலில் உயிர்கொடுத்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் பெயரில் எலகங்காவில் சாலை இருக்கிறது. காஷ்மீரின் உரியில் உயிர்கொடுத்த கர்னல் வசந்த் வேணுகோபாலையும் இந்த ஊர் மறக்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். எங்கள் மேஜர் சாப் வீட்டில், சாதாரண வேட்டி சட்டையில் போனார். மூவர்ணக் கொடி இல்லை, பிகிள் இல்லை. நாங்கள் பதினொரு பேர் பழைய பெரே தொப்பியை வைத்துக்கொண்டு தெருவில் வரிசையாக நின்று சல்யூட் அடித்தோம். 1971 பாகிஸ்தான் போரில் ஷகர்கர் பக்கம் கண்ணிவெடிக்கு நடுவே பாதை திறந்த ஒருவர், நிற்க முடியாமல் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு அடித்தார்.

உங்கள் பத்திரிகை பெங்களூரில் பல முன்னாள் படைவீரர் வீடுகளுக்குப் போகிறது. இதைப் படிப்பவர்கள் இன்றே பி.பி.ஓ.வை எடுத்து மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பிருந்தால் நீங்கள் இருக்கும்போதே திருத்துங்கள்.

பதினாறாம் நாள் அவர் மனைவி அந்த நீல நோட்டை என் கையில் கொடுத்தார். வேலை முடியாத ஒன்பது பெயர்கள் அதில் இருக்கின்றன. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, பேத்திக்குத் தெரியும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரையில் இருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார், மதராஸ் சேப்பர்ஸ்,
அல்சூர், பெங்களூரு