ஆக்சிஜன் வார்டைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

2021 மே மாதம் எங்கள் அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் பணியில் இருந்த செவிலியர்கள் சார்பில் எழுதுகிறேன். டாக்டர்களுக்கும் எங்களுக்கும் பொன்னாடை, பாராட்டு எல்லாம் வந்துவிட்டது. விட்டுப்போனவர்கள்தான் அதிகம்.

முதலில் ஆக்சிஜன் ஆபரேட்டர் அண்ணன்கள். பெரிய சிலிண்டர் ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 7,000 லிட்டர். பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் ஒரே நோயாளிக்கு எட்டு மணி நேரம்கூட வராது. மூக்குக் குழாய் வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும், நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கும் ஹை ஃப்ளோ மிஷின் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. மே 21 அன்று மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. வெறும் சிலிண்டரை நம்பி அந்த வாரத்தை ஓட்டியிருக்கவே முடியாது. காப்பாற்றியது வளாகத்தில் இருந்த திரவ ஆக்சிஜன் தொட்டி. ஆனால் மைனஸ் 183 டிகிரிக் குளிரில் வரும் திரவம் வாயுவாக மாறும் குழாய்களில், இழுப்பு கூடக் கூட ஐஸ் பிடிக்கும். அப்படியே விட்டால் வார்டில் அழுத்தம் இறங்கிவிடும். ராத்திரியெல்லாம் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்து ஐஸைக் கரைத்தது நீங்கள்தான். கடைசிக் கட்டிலில் மீட்டர் இறங்குகிறது என்று போன் போட்டால், "பாத்துட்டேன் சிஸ்டர், ஏறிடும்" என்பீர்கள். ஏறியும்விடும்.

அப்புறம், நோயாளிகள் படுத்திருக்கும்போதே கவச உடையோடு வந்து கூடுதல் காப்பர் குழாய் பற்றவைத்த ஃபிட்டர்களுக்கும், ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னல்களில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்திய எலக்ட்ரீஷியனுக்கும் நன்றி. கத்திரி வெயிலில் அந்த உடைக்குள் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும்.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்கு வெறும் நன்றி சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் நின்ற அதே வார்டில்தான் அவர்களும் நின்றார்கள். எங்களுக்கு நிரந்தர வேலை, அவர்களுக்கு இல்லை. அதில் ஒருவர், சாப்பிட மாஸ்க்கைக் கழற்றும் நோயாளிகளைப் பார்த்துவிட்டால் உடனே எங்களைக் கூப்பிடுவார். அந்த ஐந்து நிமிடம் வீணாக ஓடும் ஆக்சிஜனை நாங்கள் மூடிவைத்தது பல நேரம் அவர் குரல் கேட்டுத்தான். ஆக்சிஜன் அளவு ஏற நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைப்போம்; உடல் பருமனானவர்கள் என்றால் அதற்கு நாலு பேர் கை வேண்டும். மருத்துவமனைப் பணியாளர் தம்பிகள் கூப்பிடாமலே வந்து நின்றார்கள்.

கஞ்சியும் வெந்நீரும் கொண்டுவந்து கேட்டில் வைத்துவிட்டுப் போன தெருக்காரர்களே, பெயர் சொல்லாமல் போய்விட்டீர்கள். பாத்திரங்கள் பத்திரமாக இருக்கின்றன.

காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டி மிஷின்களை இரவல் தந்தவர்களுக்கு ஒரு தகவல்: எல்லாவற்றுக்கும் ஃபில்டர் மாற்றி, ஓட்டிப் பார்த்து, உங்கள் பெயர் ஒட்டி ஸ்டோரில் வைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த அலைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றால் ஸ்டோர் கீப்பரிடம் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள், போதும்.

அன்புடன்,
கொரோனா வார்டு செவிலியர்கள்